கையெழுத்துக்கு முன் ஒப்பந்தம் படித்துத் தரும் அலுவலகம்: ஓர் ஆட்டக்காரனின் மாமா எழுதும் மதிப்பீடு

நாகர்கோவில் நீதிமன்றத்தை ஒட்டிய தெரு ஒன்றில், கீழே ஜெராக்ஸ் கடையும் மேலே இரண்டு சிறிய அறைகளும் உள்ள ஒரு கட்டடத்தில், கால்பந்து ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்தைப் படித்துத் தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு வக்கீலும், வங்கி அணியில் பல ஆண்டு தடுப்பாட்டக்காரராக ஆடி ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் சேர்ந்து இதைச் செய்கிறார்கள். என் தங்கை மகனுக்காக 2025 ஜூன் முதல் டிசம்பர் வரை மூன்று முறை அங்கே போய் வந்தேன். அலுவலகத்தின் பெயரை எழுதாததற்கு வேறு உள்நோக்கம் இல்லை. வக்கீல்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி என்பதால், பெயர் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். விசாரித்தால் கண்டுபிடித்துவிடலாம், கடற்கரை ஊர்களில் பந்து ஆடுபவர்களுக்கு அந்த மாடிப்படி தெரியும்.

தூத்தூரிலிருந்து நீரோடி வரை பந்து உதைக்காத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் தலைமுறையில் நன்றாக ஆடியவனின் கனவு, சென்னைக்குப் போய் ஒரு வங்கி அணியிலோ ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் அணியிலோ இடம் பிடித்து விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்குவதோடு முடிந்தது. முழங்கால் போனாலும் சம்பளம் போகாத ஏற்பாடு அது. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணி வழியாக ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் வரை போன பிறகு பையன்களின் கண் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதே சென்னை சிட்டி 2018-19-இல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் கோப்பையை வென்றபோது எங்கள் மாவட்டத்தில் யாருக்குத்தான் பெருமை இல்லை? அந்தச் சாம்பியன் கிளப் இன்று எந்தத் தேசிய லீக்கிலும் இல்லை என்பதை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ரயில்வே வேலைக்கு விண்ணப்பம் போடச் சொல்லி என் தங்கை மகனிடம் மன்றாடிக்கொண்டிருந்த வேளையில்தான் வடக்கே ஒரு கிளப்பிலிருந்து அவனுக்கு ஒப்பந்தம் வந்தது.

பதினொரு பக்கம், முழுக்க ஆங்கிலம். மாதம் 40,000 ரூபாய், பத்து மாதம், தங்குமிடமும் சாப்பாடும் கிளப்பின் பொறுப்பு என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தன. வீட்டில் நாங்கள் படித்ததும் அந்த ஒரு பக்கத்தைத்தான். வக்கீல் அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஒரு பழைய மர ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக மேலே நகர்த்திப் படித்தார். “இதில் கையெழுத்துப் போடுகிற கம்பெனி எது என்று பார்த்தாயா, மக்ளே?” என்று பெரியவர் பையனிடம் கேட்டார். ஜெர்சியில் இருக்கும் கிளப்பின் பெயர் அங்கே இல்லை. கேள்விப்படாத ஒரு பிரைவேட் லிமிடெட்டின் முத்திரை இருந்தது. லீக்கில் ஆடுவது ஒரு பெயரிலும் சம்பளம் தருவது இன்னொரு பெயரிலும் என்றால், நாளைக்குப் பாக்கி கேட்கும்போது இருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள் என்பது அவர் வாதம். கிளப்பும் அந்தக் கம்பெனியும் கூட்டாகப் பொறுப்பேற்கும் ஒரு வரியை அவர்கள் அப்போதே எழுதிச் சேர்த்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தவைதான் உண்மையான கண்ணிகள். சம்பளம் எந்தத் தேதியில் என்று ஒப்பந்தத்தில் இல்லை; “ஸ்பான்சர் தொகை வந்து சேர்ந்த பின்” என்றுதான் இருந்தது. லீக் தள்ளிப்போனால் கிளப் சம்பளத்தை நிறுத்தி வைக்கலாம் என்று எட்டாம் பக்கத்தில் ஒரு வரி. கிளப்பின் அனுமதி இல்லாமல் வேறு எந்தப் போட்டியில் ஆடிக் காயம் பட்டாலும் ஒப்பந்தம் முடிந்துவிடும் என்று அடுத்த பக்கத்தில் ஒன்று. இவன் ஊர்த் திருவிழாப் போட்டிக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தான். கேரளத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடப் போகும் பழக்கமும் உண்டு. எனக்குத் தெரிந்த வரையில் கால்பந்து உலகத்தில் நாணயமான முதலாளி செவன்ஸ் கமிட்டிதான். ஆட்டம் முடிந்த இரவிலேயே பணத்தைக் கையில் எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அங்கீகரிக்காத அந்த ஆட்டத்தில் கால் முறிந்தால், பதினொரு பக்க ஒப்பந்தமும் அதோடு முறியும். சம்பளத்தைச் “சேவைக் கட்டணம்” என்று எழுதி 10 சதவீத டிடிஎஸ் பிடிப்பதால் இவன் கிளப்பின் ஊழியனாகவே கணக்கில் வர மாட்டான், பிஎஃப் போன்ற எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

எட்டாம் பக்கத்து வரியை வக்கீல் விளக்கிய விதத்துக்காகவே கொடுத்த கட்டணம் செரித்தது. ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டார். 2010-இல் இந்தியக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தது. ரிலையன்ஸ் குழுமத்தின் எஃப்எஸ்டிஎல் நிறுவனம் 2014 முதல் ஐஎஸ்எல்லை நடத்தியது அந்த உரிமையை வைத்துத்தான். அந்தக் காலம் 2025 டிசம்பர் 8-இல் முடிய இருந்தது, ஆனால் அடுத்த சீசனோ முடிவு தேதியைத் தாண்டியும் நீள வேண்டியது. புதிய உரிமை ஒப்பந்தம் இல்லாமல் யார் செலவு செய்வார்கள்? “கிளப்புக்கு மேலே லீக், லீக்குக்கு மேலே உரிமைக்காரர், எல்லாருக்கும் மேலே கூட்டமைப்பு. மேலே ஒருவர் கையை விரித்தால் கீழே முதலில் நிற்பது உன் சம்பளம்” என்றார். ஜூன் மாதத்தில் அதைக் கேட்டபோது கொஞ்சம் மிகைப்படுத்துகிறாரோ என்று நினைத்தேன். ஜூலையில் எஃப்எஸ்டிஎல் ஐஎஸ்எல் சீசனை நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி தன் முதல் அணியின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய கிளப்புக்கே அந்த நிலை என்றால், நமக்கு வந்த கிளப்பின் எட்டாம் பக்கம் வெறும் சம்பிரதாய வரியாக இருக்க முடியாது.

நாங்கள் கேட்ட நான்கு திருத்தங்களில் கிளப் மூன்றை ஏற்றது. கூட்டுப் பொறுப்பு வரி ஏறியது. சம்பளத் தேதி மாதத்தின் 10-ஆம் நாள் என்று ஆனது. நிறுத்தி வைக்கும் வரியை நீக்க மறுத்தார்கள். ஆனால் நிறுத்தினாலும் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்று வக்கீல் எழுதிக் கொடுத்த வாசகத்தைச் சேர்த்தார்கள். திருவிழாப் போட்டிக்கு அனுமதி கிடைக்கவில்லை. பையன் அந்த ஆண்டு ஊர் மைதானத்தில் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தான். ஊரில் இரண்டு பேர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கட்டணப் பட்டியல் எங்கும் ஒட்டப்படவில்லை. முதல் நாள் 2,500 ரூபாய் என்றார்கள். பிறகு எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் 1,500 ரூபாய் என்பது இரண்டாம் முறை போனபோதுதான் தெரிந்தது. கேட்காமல் ரசீது கொடுப்பதில்லை. இரண்டாம் முறை போன அன்று வக்கீல் ஒரு சொத்து வழக்கில் மாட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் வரவில்லை. உட்கார இரண்டே நாற்காலி, மூன்றாவதாக வந்தவர் படியில்தான். தமிழ்க் குறிப்பில் ஒரு தேதி தவறாக இருந்தது. நான் சுட்டிக்காட்டிய பிறகே திருத்தினார்கள். ஒப்பந்தம் படிக்கும் அலுவலகத்தில் தேதி தவறுவது சின்ன விஷயம் இல்லை. பெரியவருக்கு வரலாற்றுப் பித்து வேறு. இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களின் வாரச் சம்பளத்துக்கு 20 பவுண்டு என்று போட்டிருந்த உச்சவரம்பை 1961-இல் ஜிம்மி ஹில் தலைமையிலான சங்கம் வேலைநிறுத்த எச்சரிக்கை விட்டு உடைத்த கதையை, அவசரமாகப் பேருந்து பிடிக்க வேண்டியவனிடமும் முழுதாகச் சொல்லித்தான் அனுப்புவார். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் கிளப் மாறப் பழைய கிளப் பணம் கேட்கக் கூடாது என்ற 1995-இன் போஸ்மன் தீர்ப்பில் நுழைந்துவிட்டால் டீ வந்த பிறகுதான் வெளியே வருவார். கதைகள் நல்லவைதான், ஆனால் படியில் ஆள் காத்திருக்கிறார்.

அவருடைய பேச்சில் நான் முழு மனதோடு கேட்டது பயிற்சிப் பங்கு பற்றியது. ஒப்பந்தக் காலம் முடியும் முன் ஓர் ஆட்டக்காரன் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும் என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. ஒரு கோடி ரூபாய்க்கு விற்றால் 5 லட்சம்; அதில் 12 முதல் 15 வயது வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் 25,000 ரூபாய், 16 முதல் 23 வயது வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் 50,000 ரூபாய். “சின்ன வயதில் எந்தக் கிளப்பில் உன் பெயர் பதிவாகியிருக்கிறது?” என்று அவர் கேட்டதற்குப் பையனிடம் பதில் இல்லை. கடற்கரை மணலில் அவனுக்குப் பந்து சொல்லிக் கொடுத்த ஊர்க் கிளப் எந்தக் காகிதத்திலும் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களை அனுப்பும் ஊருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராததற்கு, பதிவு செய்யாத சோம்பலும் ஒரு காரணம் என்று அவர் சொன்னபோது என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. எங்கள் கிளப்பின் பதிவுக்கு வேண்டிய தாள்களை அவர் காசு வாங்காமலே எழுதிக் கொடுத்தார்.

ஜூலைச் சம்பளம் சரியாக வந்தது. ஆகஸ்டும் செப்டம்பரும் வரவில்லை, பாதிகூட இல்லை. அக்டோபரில் மீண்டும் மாடிப்படி. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றால், 15 நாள் கெடு கொடுத்து எழுத்து மூலம் கேட்ட பிறகு ஆட்டக்காரன் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று 2018 முதல் ஃபிஃபா விதி சொல்கிறது. நிறுத்தி வைத்தாலும் தர வேண்டிய பாதிச் சம்பளம் மட்டுமே பாக்கி என்றால், அந்த இரண்டு பாதிகள் சேர்ந்து இரண்டு மாதம் ஆகுமா என்பதை மட்டும் “வாதாடலாம், உறுதி சொல்ல மாட்டேன்” என்று வக்கீல் நேர்மையாகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. கடிதம் போன பன்னிரண்டாம் நாள் 20,000 ரூபாய் வந்தது. மீதி 20,000 வரவில்லை.

அதற்கு மேல் அந்த அலுவலகத்தால் செய்ய முடிவது குறைவு, அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. உள்நாட்டு வழக்கு என்பதால் கூட்டமைப்பின் ஆட்டக்காரர் நிலைக் குழுவிடம்தான் போக வேண்டும். அந்தக் கூட்டமைப்பே 2022 ஆகஸ்டில் ஃபிஃபாவால் இடைநீக்கம் செய்யப்பட்டு, சில நாட்களில் தடை நீங்கி, அடுத்த மாதம் கல்யாண் சௌபே, இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவை 33-க்கு 1 என்று வென்று தலைவரான இடம். நாட்டுக்காகப் பல ஆண்டு ஆடிய ஒருவருக்கு ஒரே ஒரு ஓட்டு என்றால், ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்கள் இல்லை, மாநிலச் சங்கங்கள் என்பதுதான் விளக்கம். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட புதிய அமைப்பு விதி, செயற்குழுவில் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கும் இடம் வைத்திருக்கிறது. பெரியவர் அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நம்பிக்கையோடு பேசினார். நவம்பரில் வணிக உரிமைக்கான டெண்டரை ஒருவர்கூடக் கேட்கவில்லை என்ற செய்தி வந்த வாரத்தில் அந்த நம்பிக்கையும் சுருங்கிவிட்டது. தீர்ப்பு கிடைத்தாலும் வசூல் வேறு கதை. பாக்கி வைத்த கிளப்புக்குப் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை விதிப்பதுதான் பெரிய ஆயுதம். அது தொடர்ந்து ஆட நினைக்கும் கிளப்பைத்தான் வலிக்கச் செய்யும். 2021-22-இல் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற ஹைதராபாத் எஃப்சியிலிருந்தே அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் சம்பள பாக்கியால் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

டிசம்பரில் மூன்றாம் முறை போனபோது, குழுவிடம் மனு போடலாமா என்று கேட்டோம். 20,000 ரூபாய்க்கு அலையும் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டி, இப்போது வேண்டாம், அடுத்த கிளப்புக்கு மாறும்போது தடையில்லாச் சான்றோடு சேர்த்துக் கேட்போம் என்றார் வக்கீல். அன்றைக்குக் கட்டணம் வாங்கவில்லை. ஐஎஸ்எல் 2026 பிப்ரவரி 14-இல் 14 அணிகளோடு ஒருவழியாகத் தொடங்கியது. எங்கள் பையனின் பாக்கி இதை எழுதும் வரை அப்படியேதான் இருக்கிறது.

போகிறவர்கள் சனிக்கிழமை காலை போவது நல்லது, மற்ற நாட்களில் வக்கீல் நீதிமன்றத்தில் இருப்பார். ஒப்பந்தத்தோடு கிளப் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அச்செடுத்துக் கொண்டு போங்கள். கீழே ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் அவர்கள் கட்டணம் வாங்கமாட்டார்கள், ஆனால் திட்டுவார்கள். எங்களுக்கு முன்னால் படியில் காத்திருந்த பையன் அப்படித்தான் திட்டு வாங்கினான்.