சைனீஸ் ரெஸ்டாரண்ட்: உக்காந்து சாப்பிடுறதா, பார்சலா?

எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் வாராவாரம் இந்தப் பேச்சுதான், கூட்டம் அலைமோதுற சைனீஸ் ரெஸ்டாரண்ட்ல முக்கால் மணி நேரம் காத்துக் கெடக்கணுமா, இல்ல பார்சல் வாங்கிட்டு வந்து வீட்ல காலை நீட்டி உக்காந்து சாப்பிடலாமான்னு. ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்தாச்சு, நான் இப்ப அங்கயே சாப்பிடுற கட்சி.

பார்சல்ல இருக்குற வசதிய நான் சொல்லித் தெரிய வேணாம். ஃப்ரைட் ரைஸ் மட்டும்னா தாராளமா வாங்கிட்டு வரலாம், பெரும்பாலும் முன்னாடியே வடிச்சு ஆறவெச்ச சாதத்துலதான் அத பண்றாங்க, ஈரம் கம்மி, வீட்ல திரும்ப சட்டியில போட்டு பெரட்டினாலும் உதிரியா நிக்கும். ஹாட் அண்ட் சோர் சூப் ரெண்டே தடவதான் பார்சல் வாங்கிருக்கேன், நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு தடவய வெச்சு அடிச்சு சொல்ல மாட்டேன்.

மத்த எல்லாத்துக்கும் சூடுதான் விஷயமே. கான்டனீஸ் மொழியில 'வோக் ஹேய்'னு சொல்வாங்க, வோக்குன்னா சைனீஸ் வாணலி, அதோட மூச்சுன்னு அர்த்தம், நல்லா காஞ்ச சட்டியில எண்ணெயும் சோயா சாஸும் பட்டதும் கிளம்புற லேசான புகை வாசனை. தட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்துலயே அது இறங்கிடும். டப்பால போட்டு மூடினா கேக்கவே வேணாம், ஆவி உள்ளயே அடைபட்டு சோளமாவுல பொரட்டிப் பொரிச்ச சிக்கன் நமத்துப் போயிடும், நூடுல்ஸ் சாஸையெல்லாம் குடிச்சிட்டு ஒரே கட்டியா கெடக்கும்.

ஷியாவ்லாங்பாவ்ங்கிற, உள்ள சூப் இருக்குற சைனீஸ் கொழுக்கட்டைய சாப்பிட்டா இது நல்லாவே புரியும். எலும்பு, தோலெல்லாம் கொதிக்கவெச்ச சாறு ஆறினா ஜெல்லியா உறைஞ்சிடும், அத கறியோட சேத்து மாவுக்குள்ள மடிச்சு ஆவியில வைப்பாங்க, வேகும்போது ஜெல்லி உருகி உள்ளயே சூப்பா நிக்கும். போன வாரம் மூங்கில் கூடைய மேசையில கொண்டுவந்து தெறந்ததும் எங்காளு ஒண்ண பதமா எடுத்து ஸ்பூன்ல வெச்சு, ஓரத்துல சின்னதா கடிச்சு சூப்ப உறிஞ்சிட்டு, ஒண்ணும் பேசாம கூடைய எம்பக்கம் தள்ளினாரு. இதையே முன்ன பார்சல் வாங்கினப்ப அடித்தோல் டப்பால ஒட்டிக் கிழிஞ்சு, சாறு மொத்தமும் வெளியில வந்து கொழகொழன்னு உறைஞ்சு கெடந்துச்சு.

ரெண்டே பேரா போனா எல்லாத்தையும் ஒரேயடியா ஆர்டர் பண்ணாதீங்க, ஒண்ணு முடிய முடிய அடுத்தத சொல்லுங்க, ஒவ்வொண்ணும் சுடச்சுட வரும். காத்திருக்கப் பிடிக்கலன்னா சாயங்காலம் கடை தெறந்த கையோட போயிடுங்க, நாங்க இப்ப அப்படித்தான் போறோம்.