விண்டோஸ் டிஃபெண்டர்: கணினி ஆன் ஆகும் வேகத்தைக் கெடுக்கிறதா?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் வீட்டுக் கணினிக்குத் தாராளமாகப் போதும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) இருந்தால் அதன் சுமை பெரிதாகத் தெரியாது. மெதுவாகச் சுழலும் 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கில்தான் சிக்கல்: ஆன் ஆகும்போது திறக்கிற ஃபைல்களை டிஃபெண்டர் சோதிக்கச் சோதிக்க, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். அதற்காக டிஃபெண்டரை அணைக்காதீர்கள், எஸ்எஸ்டி போடுங்கள்.

ஆன் ஆக எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது எளிது. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் கருவி) டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் ஐடி 100 உள்ள பதிவைத் திறங்கள். பூட் டியூரேஷன் (ஆன் ஆக எடுத்த நேரம்) மில்லிசெகண்டில் இருக்கும். 45000 என்றால் 45 நொடி. ரீஸ்டார்ட் கொடுத்தே அளங்கள், ஷட்டவுன் செய்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (நிலையைச் சேமித்து வைத்து அடுத்த முறை வேகமாக ஆன் செய்யும் வசதி) கணக்கைக் குழப்பிவிடும்.

புது லேப்டாப்பில் ஏற்றித் தரும் சோதனைக்கால ஆன்டிவைரஸை வைத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டார்ட்அப் பட்டியலில் அதை டிசேபிள் செய்தால் பெரும்பாலும் மூலையிலுள்ள ஐகான்தான் போகும். பின்னணியில் ஓடும் அதன் சர்வீஸும் டிரைவரும் முன்போலவே ஏறும். முழுதாக அன்இன்ஸ்டால் செய்து, மிச்சத்தையும் நீக்க அந்த நிறுவனத்தின் ரிமூவல் டூலையும் ஓட்டி, ரீஸ்டார்ட் கொடுங்கள். டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்கும்.