ஆர்வத் தேர்வா, சொந்தக் கதையா?

கோவையில் முதலாண்டு மாணவர்களுக்குத் தொழில் வழிகாட்ட இரண்டு முறைகளைக் கையாள்கிறேன். ஒன்று, கேள்வித்தாளில் டிக் அடிக்கும் ஆர்வத் தேர்வு. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாட்டின் வழியில், கைவேலை, ஆராய்ச்சி, கலை, சமூகப் பணி, தொழில்முனைவு, அலுவலக ஒழுங்கு என்ற 6 வகைகளில் மாணவரின் நாட்டத்தைக் காட்டும். வகுப்பு முழுவதற்கும் ஒரே மணி நேரத்தில் முடிந்துவிடும். கூச்சப்படும் பிள்ளைக்கும் பேச ஒரு பிடி கிடைக்கும்.

மற்றொன்று, தன் கதையை எழுதச் சொல்வது. இதற்கு நாளாகும், ஒவ்வொருவரோடும் உட்கார வேண்டும். ஆனால் பலன் வேறு. சோமனூர்ப் பக்கத்து இயற்பியல் மாணவி ஒருத்திக்குத் தேர்வில் வந்தது 'அலுவலக ஒழுங்கு'. கதையிலோ, விசைத்தறியின் சத்தம் மாறினாலே எங்கே கோளாறு என்று அப்பாவுக்கு முன்பே சொல்லிவிடுவதாக எழுதியிருந்தாள். "இதெல்லாம் ஒரு திறமைங்களா சார்?" என்றாள். அதிர்வை அளந்து இயந்திரப் பழுதை முன்கூட்டியே அறிவது ஒரு முழுநேர வேலை என்று சொன்னதும் நோட்டைத் திருப்பிக் குறித்துக்கொண்டாள். எந்தக் கட்டத்தை டிக் அடித்தாலும் இது வெளியே வந்திருக்காது.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் கதையைத்தான் எடுப்பேன். ஒரு எச்சரிக்கை: வீட்டுத் தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிப்போட அதைப் பயன்படுத்தக் கூடாது. தறியே வேண்டாம் என்று எழுதுகிறவனின் கதையையும் அதே பொறுமையோடு படிக்க வேண்டும்.