ஒக்கொங்வோவா, எசெயுலுவா?
நைஜீரியாவின் இக்போ மக்களைப் பற்றி அந்நாட்டு எழுத்தாளர் சினுவா அச்செபே எழுதிய நாவல்களில் எதை முதலில் எடுப்பது?

1958-இல் வந்த 'திங்ஸ் ஃபால் அபார்ட்' வேகமாக ஓடும். ஒக்கொங்வோ மல்யுத்த வீரன், முன்கோபி. அமைதி வாரத்திலேயே மனைவியை அடிக்கிறவன். வெள்ளையரோடு மோதி, கடைசியில் தானே தூக்குப் போட்டுக்கொள்கிறான்.

1964-இன் 'ஆரோ ஆஃப் காட்' மெதுவாகத்தான் நகரும். என் ஓட்டு இதற்கே. உலு தெய்வத்தின் பூசாரி எசெயுலு, பிறை தெரியும்போதெல்லாம் ஒரு புனிதக் கிழங்கைச் சுட்டுத் தின்ன வேண்டும். அவை தீர்ந்தால்தான் ஊரில் அறுவடை. பிரிட்டிஷ் அதிகாரி நீட்டிய தலைவர் பதவியை மறுத்ததால் காவலில் கிடக்கிறார். இரண்டு பிறைகள் தவறி, அவற்றுக்கான கிழங்குகள் மிஞ்சுகின்றன. திரும்பியவர் அறுவடைக்கு நாள் குறிக்க மாட்டேன் என்கிறார். பிடிவாதம்தான், வேறென்ன! கிழங்கு மண்ணிலேயே வீணாகிறது. அறுவடை செய்து சர்ச்சுக்குக் காணிக்கை கொடுத்தால் உலுவின் கோபம் அண்டாது என்கிறார்கள் சர்ச்சுக்காரர்கள். அப்புறமென்ன, பசித்த ஊர் அங்கே போகிறது.

அவசரமென்றால் முதலாவது.