மருத்துவமனையின் ஆன்மிகத் துணைப் பிரிவு: பகலில் நிறைவு, இரவில் யாருமில்லை

இதயச் செயலிழப்பால் என் தந்தை 17 நாள்கள் படுத்திருந்த மருத்துவமனையில், நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் ஆன்மிகத் துணை அளிப்பதற்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. அறை, மருந்து, செவிலியர் கவனிப்பு ஆகியவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள் என்பதால், நான் இந்த ஒரு பிரிவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சேர்க்கைப் படிவத்தில் இதற்காக இருந்தது 'மதம்' என்ற ஒரே கட்டம். கோயில், வழிபாடு எதிலும் நாட்டமில்லாத அப்பா அதில் கோடு இழுத்துவிட்டார். ஆகவே எங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். ஆனால் இரண்டாம் நாள் மாலையில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் கதவைத் தட்டினார்.

"மந்திரம் ஓத வந்திருக்கீங்களாம்மா? எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது" என்றார் அப்பா.

"ஓத வரலைங்க ஐயா. கொஞ்ச நேரம் உட்காரலாமான்னு கேட்க வந்தேன். வேண்டாம்னா போயிடறேன்."

அப்பா போகச் சொல்லவில்லை. அப்பெண்மணி கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, நாற்காலியைக் கட்டிலின் தலைமாட்டுக்கு இழுத்து, படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேராகத் தம் முகம் இருக்கும்படி அமர்ந்தார். அதுவரை அந்த அறைக்கு வந்த மருத்துவர்கள் அனைவரும் நின்றபடியே பேசிவிட்டுப் போனவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை; அடுத்தடுத்த படுக்கைகள் அவர்களுக்குக் காத்திருந்தன.

பயிற்சியில்லாமல் இப்படி உட்கார வராது என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன். இத்துறையின் பயிற்சி முறைக்கு வித்திட்டவர்களுள் முக்கியமானவர் ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் பாதிரியார். தாமே மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்து மீண்டவர். 1925இல் அவர் இறையியல் மாணவர்களை வொர்செஸ்டர் மனநல மருத்துவமனைக்கு வரவழைத்து, நூல்களைப் படிப்பதைப் போலவே நோயாளிகளையும் கவனமாகப் படிக்கவேண்டும் என்று கற்பித்தார். அந்த வழியில் வந்த பயிற்சியில் ஓர் அலகை முடிப்பதற்கே ஏறத்தாழ 400 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி நோயாளிகளின் அருகில் கழிகிறது. எங்களிடம் வந்தவர் அத்தகைய நான்கு அலகுகளை முடித்தவர்.

ஒன்பதாம் நாள் மூச்சுத்திணறல் அதிகமாகி, முகமூடி வழியே காற்று செலுத்தத் தொடங்கியிருந்தார்கள். அதைக் கழற்றிய சிறு இடைவெளியில் அப்பா அப்பெண்மணியிடம், "இதெல்லாம் எதுக்கான தண்டனைம்மா?" என்று கேட்டார். நானாக இருந்தால் 'அப்படியெல்லாம் இல்லப்பா' என்று சொல்லி அந்தப் பேச்சையே அடைத்திருப்பேன். அவரோ சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தண்டனைன்னு உங்களுக்கு எப்போ தோண ஆரம்பிச்சுது, ஐயா?" என்று கேட்டார். கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் இந்தக் கேள்வி எழும் என்பதை அன்றுதான் நேரில் கண்டேன். 1967இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, ஆன்மா ஆகிய நான்கும் சேர்ந்ததே நோயாளியின் முழுவலி என்றார். உலகச் சுகாதார நிறுவனம் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கு 2002இல் தந்த வரையறையிலும் ஆன்மிகத் துன்பம் இடம்பெற்றிருக்கிறது. படிவத்தின் ஒற்றைக் கட்டம் இதில் எதையும் கேட்டறியாது.

அன்று என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். அவர் வெளியே வந்ததும், அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "அதை ஐயாவே உங்களுக்குச் சொன்னால்தான் சரியாக இருக்கும்" என்றார். பெற்ற பிள்ளையிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றிரவு அப்பா தூக்க மாத்திரை கேட்கவில்லை. இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பில் பெரும்பங்கு அந்த வாய்க்கட்டுக்கே உரியது.

குறைகளையும் சொல்லியாகவேண்டும். நோயாளிக்குக் கிடைத்ததில் கால்பங்குகூடக் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. 17 நாள்களும் தாழ்வாரத்துப் பெஞ்சிலேயே இருந்த அம்மாவைக் கடந்து செல்லும்போதெல்லாம் அப்பெண்மணி நலம் விசாரித்தார் என்பது உண்மை; அவரை உட்காரவைத்துப் பேசியது ஒரே ஒரு முறைதான். இருநூறு படுக்கைகளுக்கு இரண்டே பேர் என்றால் வேறெப்படி நடக்கும்? இதில் தவறு நிர்வாகத்துடையது.

அதைவிடப் பெரிய குறை இரவு நேரம். அப்பா இறந்தது ஒரு சனிக்கிழமை இரவு. சுவரில் ஒட்டியிருந்த '24 மணி நேரமும் அழைக்கலாம்' என்ற எண்ணை நான்கு முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. அந்த வேளையில் செய்யவேண்டியதைச் செய்தவர் இரவுப் பணிச் செவிலியர்: கருவியின் ஒலியை நிறுத்தி, திரையை இழுத்து மூடி, அம்மாவுக்கு நாற்காலி போட்டு, "நேரம் எடுத்துக்குங்கம்மா, யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க" என்றார். ஆள் இல்லையென்றால் அந்த அறிவிப்பைக் கிழித்துவிடலாம். எடுக்கப்படாத எண்ணை அந்நேரத்தில் அழைத்துக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

உங்கள் வீட்டில் ஒருவரைச் சேர்க்க நேர்ந்தால், படிவத்தை நம்பாமல் முதல் நாளே செவிலியரிடம் சொல்லி இப்பிரிவினரை வரவழையுங்கள். நம்பிக்கை இல்லாதவராக இருந்தாலும் தயங்க வேண்டாம். இரவிலும் விடுமுறை நாளிலும் யார் வருவார், அவரது நேரடி எண் என்ன என்பதையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலையில் அப்பெண்மணி தொலைபேசியில் அழைத்து, சாக்கு ஏதும் சொல்லாமல் வருத்தம் தெரிவித்தார். மூன்று வாரம் கழித்து மீண்டும் அழைத்து அம்மாவிடம் நெடுநேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.