எம்.டி.எஃப். அலமாரிக் கதவுகளில் வாட்டர் பேஸ் பி.யு.: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகை. அதில் ஒழுங்காகப் பூசிய வாட்டர் பேஸ் பி.யு. (தண்ணீர் கலந்த பாலியூரித்தேன் பூச்சு) கதவின் முகப்பில் எளிதில் கெடுவதில்லை. மஞ்சளாகாது, நாற்றமடிக்காது, துடைத்தால் பளிச்சென்று இருக்கும். பழுதெல்லாம் மூன்றே இடங்களில்தான் தொடங்குகிறது: அறுத்த விளிம்பு, கைப்பிடியைச் சுற்றிய பகுதி, சிங்க்குக்குக் கீழே உள்ள கதவு. இந்த மூன்றுக்கும் பூசும் நாளிலேயே வழி செய்யாவிட்டால், பிறகு எவ்வளவு விலையுயர்ந்த டப்பா வாங்கினாலும் பயனில்லை.

எதற்காக இதற்கு மாற வேண்டும்? என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் டப்பாவில் பாதிக்கு மேல் கரைப்பான். அது முழுவதும் வீட்டுக் காற்றில்தான் கலக்கிறது. அமிலக் கடினப்படுத்தி சேர்த்துப் பூசும் மெலமைன் பாலிஷ் காயும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவையும் வெளியிடும். வாட்டர் பேஸில் கரைப்பான் மிகக் குறைவு. ஆனால் டப்பாவில் இருக்கும் பச்சை இலைப் படத்தை நம்பிப் பலகையைப் பார்க்காமல் விடக்கூடாது. யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் செய்த மட்டமான பலகைக்கு எந்தப் பூச்சும் பரிகாரம் ஆகாது. பூசாத பின்பக்கம், 35 மி.மீ. ஹிஞ்ச் (கீல்) குழி, திருகுத் துளை என்று எல்லா வழியிலும் வாயு கசியும். ஈ1 தரம், அதாவது சோதனை அறைக் காற்றில் ஃபார்மால்டிஹைடு ஒரு கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராமுக்கு மிகாத பலகை, குறைந்தபட்சம் வேண்டும். கதவின் இருபுறமும் ஒரே எண்ணிக்கையில் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் கதவு வளையும்.

விளிம்புக்கு வருவோம். எம்.டி.எஃப். பலகையைச் சூட்டில் அழுத்தும்போது இரு முகங்களும் இறுகிவிடும், நடுப்பகுதி தளர்வாக நிற்கும். அறுத்ததும் வெளியே தெரிவது அந்தத் தளர்ந்த நடுப்பகுதி. அதன் மேல் நேரடியாக வாட்டர் பிரைமர் தடவினால் உறிஞ்சிக்கொண்டு, நார் எழும்பி, விளிம்பு சொரசொரப்பாகும். வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தேய்ப்பது ஆசாரிகளிடம் பழகிப்போன முறை. அது உப்புத்தாள் போடும்போது சூடேறி இழுபடும், பின்னாளில் ஈரம் பட்டால் இளகவும் செய்யும்.

நன்றாக நிற்பது அரக்கு (ஷெல்லாக்), அதுவும் மெழுகு நீக்கியது. மெழுகுள்ள சாதாரண அரக்கின் மேல் வாட்டர் பேஸ் சரியாகப் பிடிக்காது. பிறகு தாளாக உரியும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் அரக்குச் செதிலை இரவே ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்ட வேண்டும். கூர் விளிம்பை முதலில் 2 மி.மீ. அளவுக்கு உருட்டிவிடுங்கள், கூர்முனையில் பூச்சு விலகி மெலிந்துபோகும், முதலில் அடிபடுவதும் அங்கேதான். 180, பிறகு 240 உப்புத்தாள், தூசியை வேக்குவத்தில் உறிஞ்சி எடுத்து, அரக்கு இரண்டு கை (இரண்டு முறை பூச்சு). நடுவே அரை மணி முதல் முக்கால் மணி நேர இடைவெளி. கரைத்த அரக்கைப் பல மாதம் வைத்திருந்து பூசினால் காயாமல் பிசுபிசுக்கும்.

அதன் மேல் வாட்டர் பிரைமர் இரண்டு கை, 320இல் தேய்ப்பு. ஸ்டீல் ஊல் பக்கமே போகக் கூடாது. உதிரும் இரும்பு இழை துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளியாகும். கடைசியாக டாப்கோட், அதாவது மேல்பூச்சான பி.யு., மூன்று மெல்லிய கை. ரோலரில் ஒரு லிட்டர் ஒரு கைக்குச் சுமார் 100 சதுர அடி வரும். ஸ்ப்ரேயில் கணிசமாக வீணாகும்.

சமையலறைக்கு ஹார்டனர் (கடினப்படுத்தி) சேர்க்கும் இரண்டு பாக வகையைத்தான் எடுக்க வேண்டும். ஒற்றை டப்பா அக்ரிலிக் மலிவுதான், பூசவும் சுலபம். ஆனால் கை எண்ணெயும் சமையல் எண்ணெயும் சேர்ந்து கைப்பிடி ஓரத்தில் அதை மெதுவாக இளக்கிவிடும். நகத்தால் சுரண்டினால் வரும். வெயில் காலத்தில் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது ‘டப்’பென்று சத்தமிட்டுப் பூச்சைப் பிய்ப்பதும் இந்த வகையில்தான். புத்தக அலமாரிக்கு அது போதும்.

இரண்டு பாக வகையில் ஒரு பொறி உண்டு. கலந்த கலவை மூன்று நான்கு மணி நேரத்தில் ஆயுள் முடிந்தாலும் பல சமயம் கெட்டியாகாது. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று மாலையில் மிச்சத்தைப் பூசினால் அந்தக் கதவு மட்டும் கடினப்படாது, மினுமினுப்பும் குறையும். எனவே இரண்டு மணி நேர வேலைக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும். விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுங்கள். ஹார்டனரில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்ற சொல் ஸ்ப்ரே அடிப்பவரின் நுரையீரலுக்குப் பொருந்தாது. துணி மாஸ்க் எதற்கும் ஆகாது, கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும்.

பருவமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரை ஊர்களில் தண்ணீர் ஆவியாக இடமின்றிப் பூச்சு பால்போல் வெளுக்கும். ஈரப்பதம் 80 சதவீதம் தாண்டினால் நிறுத்திவிடுவது நல்லது, அல்லது ஏசி அறை. ஃபேனை நேரே கதவின் மேல் திருப்பினால் மேலே தோல்கட்டி உள்ளே ஈரம் சிக்கும். அக்கினி நட்சத்திர வெயிலில் நேர்மாறாக, ரோலர் தடம் சமனாகும் முன்பே காய்ந்துவிடும். கம்பெனி சொல்லும் அளவுக்குள் தண்ணீரோ ரிடார்டரோ (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்க்கலாம்.

தொட்டுப் பார்த்தால் அரை மணியில் காய்ந்திருக்கும், முழுப் பலம் வர இரண்டு மூன்று வாரமாகும். அதற்குள் ஈரத் துணியும் சோப்பும் படக்கூடாது. பல வீடுகளில் பால் காய்ச்சும் தேதி நெருங்கிவிடுவதால் இந்த இடைவெளியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், பிறகு பெயின்ட் சரியில்லை என்கிறார்கள்.

சமையல் மஞ்சள்தூள் கறை வெள்ளை மேட் பூச்சில் பிடிக்கும், தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். தேய்க்க வேண்டாம், கழற்ற முடிந்த கதவென்றால் வெயிலில் வையுங்கள், நிறம் தானே மங்கும்.

வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டிய மேசைக்கு ஹார்டுவாக்ஸ் ஆயில் (எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சு) இன்னும் நல்லது, கீறிய இடத்தை மட்டும் தேய்த்துப் பூசிக்கொள்ளலாம். அடுப்புப் பக்கம் வேண்டாம். இந்த ஆயிலைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் ஊறப்போட வேண்டும்.

ஒரு முறை ஊதிய எம்.டி.எஃப். விளிம்பு அழுத்தினாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஊதிய பகுதியை வெட்டி, மரப்பட்டி ஒட்டி மீண்டும் பூசுவதே வழி. சிங்க்குக்குக் கீழே உள்ள கதவுக்குத் தொடக்கத்திலேயே ஐ.எஸ். 710 (மரைன் தர) பிளைவுட் போட்டு, இரு பக்கமும் மைக்கா ஒட்டிவிடுங்கள். அந்த இடத்தில் பூச்சு வேலையே வேண்டாம்.