சின்ன பயோடெக் கொம்பனியில் பங்கா, வாரண்டா?

ரொறொன்ரோவில் இருக்கும் தம்பி, அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் ஒரு சின்ன பயோடெக் கொம்பனியை, அதாவது புது மருந்து உருவாக்கும் கொம்பனியைப் பார்த்து வைத்திருந்தான். பங்கு 2 டொலர், அதன் வாரண்ட் (குறித்த கெடுவுக்குள் குறித்த விலைக்குக் கொம்பனியிடம் பங்கு வாங்கும் உரிமை) 30 சதம். “அண்ணா, ஒரு பங்குக் காசுக்கு ஆறு வாரண்ட் வருதே” என்றான். நான் கல்லடியில் இருந்து அதன் காலாண்டு அறிக்கையைப் படித்துவிட்டு, பங்கையே வாங்கச் சொன்னேன். அதையே வாங்கினோம்.

வாரண்ட் மலிவு, மருந்து வென்றால் பல மடங்காகும். வாக்குரிமை கிடையாது. சரி, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் பார்த்தது பங்குகளின் எண்ணிக்கையை. விற்க மருந்தில்லாத கொம்பனி பரிசோதனைச் செலவுக்குப் புதுப் பங்கு விற்றுத்தான் காசு எடுக்கும். 1 கோடி பங்கில் உங்களிடம் 1,000 இருந்தால் 0.01 வீதம். பங்குக்கு ஒரு வாரண்ட் சேர்த்து 50 லட்சம் புதுப் பங்கு விற்றால் அது 0.0067. அந்த 50 லட்சம் வாரண்டும் பங்காக மாறினால் 0.005, அதாவது பாதி. பங்கு விலை ஏறி வாரண்டில் குறித்த விலையைத் தொடும்போது மாற்றி விற்பவர்களும் கூடுவார்கள், ஏற்றம் அங்கேயே தடைப்படலாம்.

எங்கள் கொம்பனி அறிக்கையின் பின்குறிப்பில் வாரண்ட் அட்டவணை ஒன்று இருந்தது. ஐந்து வரி. கடைசி வரியில் பங்காக மாற்றும் விலை 0.001 டொலர். அது முன்பணம் கட்டிய வாரண்ட், பங்கின் காசை ஏறக்குறைய முழுதாக முன்பே கட்டியாயிற்று, ஆகவே கிட்டத்தட்ட பங்கேதான். ஆனால் முதல் பக்கத்தில் போடும் பங்கு எண்ணிக்கையில் அது சேராது. இப்படிப்பட்டதையும் கூட்டிப் பார்க்காமல் ஒரு சதம்கூடப் போடாதீர்கள்.

கொழும்புச் சந்தையில் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். ஜோன் கீல்ஸ் கொம்பனி 2013-இல் உரிமைப் பங்கோடு வாரண்ட் கொடுத்தபோது அது பழைய பங்குதாரருக்கே முதலில் வந்தது. அமெரிக்கச் சின்னக் கொம்பனிகளில் பெரும்பாலும் அப்படியில்லை. புதுப் பங்கும் வாரண்டும் பெரிய நிதியங்களுக்குப் போகும், பழையவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்படியென்றால் வாரண்ட் வைத்திருந்தால் தப்பலாமே என்று தம்பி கேட்டான். தப்ப முடியாது. பங்கு விலை தொடர்ந்து 30 வேலைநாள் 1 டொலருக்குக் கீழே கிடந்தால் நாஸ்டாக் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். விலையைத் தூக்கக் கொம்பனி, உதாரணமாக, பத்துப் பங்கை ஒன்றாக்கும். 60 சதப் பங்கு 6 டொலராகும், வாரண்டில் குறித்த 5 டொலர் விலை 50 ஆகும். கணக்குப்படி இதில் யாருக்கும் நட்டமில்லை. அப்புறம் கொம்பனி 4 டொலருக்குப் புதுப் பங்கு விற்கும். பங்கு வைத்திருப்பவர் கையில் இறங்கிய விலைக்காவது ஏதோ இருக்கும். சந்தையில் நாம் வாங்கும் வாரண்டிலோ குறித்த விலை பெரும்பாலும் இறங்காது, அந்த 50 அப்படியே நிற்கும். விலையைக் குறைக்கும் நிபந்தனை நிதியங்கள் தனியே பேசி எடுத்த வாரண்டில்தான் பார்க்கலாம்.

அதோடு காலக்கெடு. வாரண்டுக்கு அநேகமாக ஐந்து வருடம். மருந்துப் பரிசோதனை இழுபடாத கொம்பனி அபூர்வம். நோயாளிகளைச் சேர்க்கவே வருடம் ஓடிவிடும். முடிவு கெடுவுக்கு அடுத்த மாதம் நல்லதாக வந்தாலும் வாரண்டுக்காரருக்குப் பூச்சியம். எனக்கு இந்த ஒன்றே போதுமாக இருந்தது.

முடிவு வர சில மாதமே இருந்து, கெடு இன்னும் இரண்டு மூன்று வருடம் இருந்து, கொம்பனியிடம் அதுவரை ஓடக் காசும் இருந்தால் வாரண்டில் கொஞ்சம் போடுவதை நான் தடுக்க மாட்டேன். பெரிய கொம்பனி ஒன்று வந்து மொத்தமாக வாங்கும்போது வாரண்ட் எப்படிப் போகும் என்பதை நாங்கள் இருவரும் அனுபவத்தில் பார்க்கவில்லை. அது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், வாங்குமுன் அந்தப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள்.